கையெழுத்துக்கு மேலே இருந்த இடம்

முப்பத்தொரு ஆண்டுகள் நான் கல்லூரியில் பிரிட்டனின் அரசியலமைப்பைப் பாடம் நடத்தினேன். அந்த நாட்டை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வகுப்பில் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குவேன்: பிரிட்டன் ஓர் ஒற்றையாட்சி நாடு, லண்டன் கொடுத்ததை லண்டனே எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பாதிப்பேர் காலையில் பருத்திக்காட்டில் வேலை செய்துவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு வந்தவர்கள். அவர்களுக்கு லண்டன் எதைக் கொடுத்தால் என்ன, எடுத்தால் என்ன. ஆனால் தேர்வில் அந்தக் கேள்வி வரும்.

ஓய்வுபெற்ற மறுமாதமே ஒரு கட்சியில் சேர்ந்தேன். மாநில சுயாட்சி பேசிய சின்னக் கட்சி அது. பெரிய கட்சி ஒன்றிலிருந்து பிரிந்து வந்தது. தேர்தல் ஆணையத்தில் பதிவு உண்டு, அங்கீகாரம் கிடையாது. தலைவர் சென்னையில் இருந்தார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து என்னைச் செயலாளராக்கினார்கள். ஆங்கிலம் தெரிந்த ஆள், ஓய்வூதியம் வாங்குகிறவர், பஸ்ஸுக்குக் கட்சியிடம் கை நீட்டமாட்டார் என்பவைதான் என் தகுதிகள்.

லப்பைக்குடிக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் எங்கள் பொருளாளர். பதினெட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அவருடைய கடை மாடிதான் கட்சி அலுவலகம். மாதப் பத்திரிகையை மடித்துத் தபால்தலை ஒட்டுவது அங்கேதான் நடக்கும். ஒருமுறை ஒட்டிக்கொண்டே சொன்னார்: "சார், நம்ம கட்சியில கொள்கை நெறைய இருக்கு. ஆளுதான் ரெண்டு வேனுக்கு மேல தேறாது." எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கோபம். முப்பத்தொரு ஆண்டு, காதில் வாங்காதவர்களுக்குப் பேசியவன் நான். இங்கே இரண்டு வேன் ஆட்கள் காதில் வாங்கினார்கள். அது எனக்குப் பெரிய கூட்டம்.

அந்தப் பத்திரிகையில்தான் நான் தொடர் எழுத ஆரம்பித்தேன். பிரிட்டன் கூட்டாட்சி நாடாக இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்பது பொருள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மட்டுமல்ல, தென்மேற்கு மூலையில் கிடக்கும் கார்ன்வாலுக்கும் தனிச் சட்டமன்றம் கொடுத்தேன். வட இங்கிலாந்துக்கு ஒன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சின்னக் கட்சியை உருவாக்கினேன். மீனவர்களின் கட்சி, ஆடு மேய்ப்பவர்களின் கட்சி, பழைய சுரங்கத் தொழிலாளர்களின் கட்சி. லண்டன் அவையில் எந்தப் பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபடி பார்த்துக்கொண்டேன். இரண்டு மூன்று உறுப்பினர்களை வைத்திருந்த சின்னக் கட்சிகள் நாட்டையே நிறுத்திக் கேள்வி கேட்டன. எழுத எழுத எனக்கே வெறி ஏறியது.

முதல் அத்தியாயத்தின் அடியில், சிறிய எழுத்தில், இது கற்பனை என்று ஒரு வரி போட்டிருந்தேன். இரண்டாவதில் இடம் போதவில்லை என்று அச்சகத்தார் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதில் நானே போடவில்லை.

அவர் பத்திரிகைக்குச் சந்தா கட்டியது மூன்றாவது அத்தியாயம் வந்த இதழிலிருந்து.

அவர் என்று நான் சொல்வது ஒரு கிளைச் செயலாளரை. அரியலூரிலிருந்து விக்கிரமங்கலம் போகும் பக்கம் ஓர் ஊர். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் போய்ப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு. பத்தாவது வரை படித்தவர். படிப்பை நிறுத்தியதில் தீராத வருத்தம் உள்ளவர். அந்த மண்ணில் ஏர் ஓட்டினால் கல்லாகிப்போன சிப்பிகள் புரண்டு வரும். அதில் ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்து, "இங்க கடல் இருந்துச்சாம்ல சார்" என்றார். கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்பதற்கு அந்தச் சிப்பிதான் அடையாளம் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அப்போது அதை யாரும் பேசவில்லை.

என் தொடரை அவர் படித்தது போல் யாரும் படித்ததில்லை. பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்து கேள்வி கேட்பார். கார்ன்வாலில் எத்தனை தாலுகா, அந்த ஆட்கள் பேசுவது இங்கிலீஷா வேறு பாஷையா, மழை எவ்வளவு. நான் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததை உண்டாக்கிச் சொல்வேன். ஒன்பதாவது அத்தியாயத்தில் கார்ன்வாலில் மூடிக்கிடந்த ஒரு தகரச் சுரங்கத்தைத் திறந்து விரிவாக்க லண்டன் முடிவெடுக்கிறது. அந்த ஊரின் சின்னக் கட்சிக் கிளை கூடி 'மாட்டோம்' என்று தீர்மானம் போடுகிறது. கூட்டாட்சிச் சட்டப்படி ஊரின் மறுப்பை மீற லண்டனுக்கு அதிகாரமில்லை. சுரங்கம் நிற்கிறது. அதைப் படித்துவிட்டு அவர் அடுத்த பஸ்ஸிலேயே பெரம்பலூருக்கு வந்துவிட்டார்.

"ஒரு ஊரு வேணாமின்னா கவர்மென்ட்டே நிக்குமா சார்?"

"அங்க நிக்கும்" என்றேன்.

அவர் இதை நடந்த கதை என்று நம்புகிறார் என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அவர் முகத்தில் இருந்ததைக் கெடுக்க மனமில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என் வார்த்தையை ஒருவர் உலகத்தில் நடந்த காரியமாக நம்பியது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அந்த உற்சாகத்திலேதான் கட்சியின் அமைப்பு விதிகளை நான் திருத்தி எழுதினேன். பதினான்காம் விதி என்னுடையது. ஓர் ஊரைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் அந்த ஊர்க் கிளையின் தீர்மானம் இல்லாமல் மாவட்டமோ தலைமையோ நிலை எடுக்கக்கூடாது, கிளை மறுத்தால் மறுத்ததுதான். சென்னையில் தலைவர் அதைப் படித்தாரா என்பது சந்தேகம். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

கிளைக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தீர்மானப் புத்தகம் உண்டு, நீளமான கோடு போட்ட நோட்டு. முறைப்படி முதலில் தீர்மானத்தை எழுதி, வாசித்து, அதன் கீழே கையெழுத்து வாங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்தக் கூட்டத்திலும் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஊர்க்கூட்டமானாலும் கூட்டுறவுச் சங்கமானாலும் கோயில் கமிட்டியானாலும் இதே வழக்கம்தான். களையெடுத்துவிட்டு வந்தவர்கள் உட்கார்ந்து எழுதும்வரை காத்திருக்க மாட்டார்கள். பக்கத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டு, கீழே எல்லாரும் கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். வராதவர்களிடம் செயலாளர் வீடு வீடாகப் போய் வாங்குவார். பேசியதைப் பிறகு யாராவது நல்ல எழுத்துக்காரர் மேலே நிரப்புவார். பால் வண்டி வரவேண்டும், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று அப்படி நிரப்பித்தான் பல காரியம் நடந்திருக்கிறது. யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை.

சிமெண்ட் ஆலை ஒன்று தன் சுரங்கத்தை அந்த ஊர்ப்பக்கம் நீட்டப்போகிறது என்ற செய்தி வந்ததும் கிளை கூடியது. நானும் போயிருந்தேன். இருபத்துமூன்று பேர். எதிர்ப்பது என்று ஒரே பேச்சில் முடிந்துவிட்டது. அவருடைய மூன்று ஏக்கர், ஆலை நட்டிருந்த எல்லைக் கல்லுக்குள் முதல் வரிசையில் இருந்தது. கூட்டம் கலைந்ததும் நோட்டை என் கையில் கொடுத்தார். கீழே இருபத்துமூன்று கையெழுத்து. மேலே வெற்றிடம்.

"கடலைக்கொடி புடுங்கணும் சார், ரெண்டு நாளைக்கு எனக்கு ஒழியாது. நீங்களே எழுதிருங்க. உங்க கையெழுத்துல இருந்தா ஆபீஸ்ல மரியாதையாப் பாப்பான்."

நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உடனே எழுதியிருக்கலாம். ஒரு வாரம் சோம்பலாக இருந்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது.

தேர்தல் அறிவிப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டணியில் எங்களுக்கு ஓரிடம் கிடைக்கும்போல் இருந்தது. இந்தப் பக்கத்துத் தொகுதி. வேட்பாளர் நான். தலைவர் இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, போகிற போக்கில், அந்தச் சுரங்க விஷயத்தில் நம் கிளை குறுக்கே நிற்பதாகக் கூட்டணியின் பெரிய கட்சியுடைய மாவட்டத்துக்காரர் வருத்தப்படுகிறார் என்றார். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னால் நம் பக்கமிருந்து ஆதரவுக் கடிதம் போனால் நல்லது. "சரி பண்ணிடுங்க பேராசிரியர்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? இடத்தை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது.

மாவட்டச் செயலாளர் என்ற முறையில் நானே ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் பதினான்காம் விதி இருந்தது. கிளைத் தீர்மானம் இல்லாமல் மாவட்டம் நிலை எடுக்கக்கூடாது. நான் எழுதிய விதியை மீற எனக்கு மனம் வரவில்லை. அதனால் பொய்யை விதிப்படி செய்தேன். காலை பத்து மணிக்கு, குளித்து, சாப்பிட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து, இருபத்துமூன்று கையெழுத்துக்கு மேலே எழுதினேன். வேலைவாய்ப்பையும் வட்டார வளர்ச்சியையும் கருதி இக்கிளை விரிவாக்கத்தை வரவேற்கிறது. அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. இடம் கொஞ்சம் மிஞ்சியதால், ஒருமனதாக என்ற சொல்லையும் சேர்த்தேன்.

கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடையில் அதிகாரிகள். கீழே சிவப்பு நாற்காலிகள். நான் மூன்றாவது வரிசை. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேட்பாளர் என்று பேச்சு அடிபட்ட பிறகு முகத்தைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒன்பதாவது அத்தியாயம் இருந்த இதழோடு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தைரியமாகத் தலையை ஆட்டினார்.

அவர் முறை வந்தது. நன்றாகப் பேசினார். கிணறு, மண், சிப்பி எல்லாம் சொன்னார். கடைசியில் இதழை உயர்த்திக் காட்டி, பிரிட்டனில் கார்ன்வால் என்ற இடத்தில் ஓர் ஊர் வேண்டாம் என்று தீர்மானம் போட்டதால் சுரங்கத்தையே நிறுத்தியிருக்கிறார்கள், நம்மை ஆண்ட வெள்ளைக்காரனே கேட்கிறான், நீங்கள் கேட்கக்கூடாதா என்றார். கைதட்டல் எழுந்தது.

மேடையில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார். தாம் அந்த நாட்டில் படித்துவிட்டு வந்தவர் என்றும், அப்படி ஒரு சட்டமோ, அப்படி ஒரு சம்பவமோ அங்கே இல்லை என்றும் சொன்னார். இழிவாகச் சொல்லவில்லை. கொஞ்சம் சிரித்தார். "எந்தப் புக்குல படிச்சீங்க ஐயா?" என்று கேட்டார்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் கீழே பார்த்தேன். என் செருப்புக்குப் பக்கத்தில் யாரோ போட்ட ஒரு தேநீர்க் கோப்பை கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து எழுத்துமூலமாக வந்த ஆதரவுக் கடிதங்களை வாசித்தார்கள். நாலாவதாக எங்கள் கிளையின் தீர்மானம். நகலைத் தூக்கிக் காட்டி, முதல் கையெழுத்து யாருடையது என்பதையும் படித்தார்கள். முதல் கையெழுத்து கிளைச் செயலாளருடையது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல்: "அங்க எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து நாடகமாடுறியா?"

அவர் இதழைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தீர்மானம் பொய் என்று எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னைக் கடந்து போனார். நான் கூப்பிடவில்லை.

பாய்க்கு இரண்டு நாளில் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்கே வந்தார், உட்காரவில்லை. "வல்லாஹி, அல்லா மேல ஆணையா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அது அந்த ஊருக்காரங்க எழுதச் சொன்னதா?" நான் கூட்டணியின் நிர்ப்பந்தங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்தார். "மாடியக் காலி பண்ணிக்கங்க சார். வாடகைக்கு வுடணும்" என்றார். அவ்வளவுதான். இந்தக் கட்சிக்கு அவர் ஒருநாளும் வாடகை வாங்கியதில்லை.

நான் தேர்தலில் நின்றேன். எங்கள் கட்சிக்கென்று சின்னம் கிடையாது. பெரிய கட்சியின் சின்னத்தில்தான் நிற்கவேண்டும், அதற்கு அந்தக் கட்சியின் உறுப்பினராகவும் ஆகவேண்டும். ஒரு படிவத்தை நீட்டினார்கள். சுயாட்சியைப் பற்றி இருபது அத்தியாயம் எழுதியவன், அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஊர் ஊராகப் போனபோது, அந்த ஒரு ஊருக்கு மட்டும் வேனை விடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோற்றேன். அடுத்த ஆண்டே தலைவர் கட்சியைக் கூட்டணியின் பெரிய கட்சியோடு இணைத்துவிட்டார். அந்த முடிவுக்கு எந்தக் கிளையையும் யாரும் கேட்கவில்லை. பதினான்காம் விதியை யாருக்கும் ஞாபகமில்லை. எனக்கு இருந்தது. நான் சொல்லவில்லை.

அந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. அனுமதி வந்தது. ஒவ்வொருவராக விற்றார்கள். முதலில் விற்றவர்கள் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு விற்றார்கள், கடைசியில் விற்றவர்களும் அப்படியே. ஆலையிடம் ரகசியமாகக் கைநீட்டியவர் என்று பேச்சு. உண்மையில் அவர்தான் கடைசிவரை விற்காதவர். மூன்று பக்கமும் பள்ளம் இறங்கியது. வெடியில் வீட்டுச் சுவர் விரிந்தது. சுரங்கத்தில் தண்ணீரை இறைக்க இறைக்க அவர் கிணறு அடியோடு வறண்டது. அவருடைய தாய் இறந்தபோது தோள்கொடுக்கத் தெருவிலிருந்து யாரும் வரவில்லையாம். மனைவியின் ஊரிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டிவந்து எடுத்திருக்கிறார். இதை என்னிடம் சொன்னவர் எங்கள் பழைய உறுப்பினர், அந்த இருபத்துமூன்று பேரில் ஒருவர். "செஞ்ச பாவம் சும்மா வுடுமா சார்" என்று என்னிடமே சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை. மண்டபக் கூட்டம் நடந்து பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது எனக்கு எழுபத்தெட்டு. சென்ற ஆண்டு மனைவி போனபின் மகளுடன் பெரம்பலூரில் இருக்கிறேன். பழைய பெட்டிகளை ஒழித்தபோது நோட்டு கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுவதும் தவறு, எங்கே இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் தெரியும்.

நடந்ததை இரண்டு பக்கத்தில் எழுதினேன். தீர்மானம் என்னால் பொய்யாக எழுதப்பட்டது, கிளைச் செயலாளருக்கு அது தெரியாது, ஊரார் அவர்மேல் வைத்த பழிக்கு நானே பொறுப்பு. கீழே என் கையெழுத்து. அவரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டால், ஊரை விட்டுப் போனவர்கள் இருக்குமிடமெல்லாம் தேடிப்போய் வாசிப்பது என்று திட்டம். நோட்டையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு திருமழபாடிக்குப் பஸ் ஏறினேன். நிலத்தை விற்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தபின் அவர் மனைவியின் ஊரான அங்கேதான் இருந்தார்.

கொள்ளிடக் கரையோரம் ஒருவரின் வாழைக்கொல்லையை வாரத்துக்கு, விளைச்சலில் பங்கு பேசி, பார்த்துக்கொண்டிருந்தார். தகரக்கூரை வீடு. தலை முழுக்க நரைத்திருந்தது. "வாங்க சார்" என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் போல. அவர் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, சொம்பில் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "அந்தத் தீர்மானத்த எழுதுனது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார்."

"எப்பத் தெரியும்?"

"மண்டபத்துலயே. தூக்கிக் காட்டுனாங்கல்ல. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா?"

அப்படியானால் ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரலில் லேசான கோபம் இருந்ததை நானே கேட்டேன். அவர் அன்றே சொல்லியிருந்தால் இந்தப் பன்னிரண்டு வருடம் எனக்கு மிச்சமாகியிருக்கும் என்பது போல.

அவர் வாழைநார் ஒன்றைக் கிழித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "சொன்னா, வெத்துத் தாளுல ஏன்டா எங்ககிட்ட கையெழுத்து வாங்குனேன்னு கேப்பாங்க. பதில் இருக்கா? வூடு வூடாப் போயி வாங்குனது நான்தான. கண்ணு தெரியாத கெழவி ஒண்ணு, 'என்னடா எழுதிருக்கு'ன்னு கேட்டுச்சு. 'போடு ஆயா, நம்ம சார் எழுதுவாரு'ன்னேன். அவங்க என்னிய நம்பிப் போட்டாங்க. உங்கள நம்பி இல்ல. அப்பறம் எம்மேலதான வரும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதகூட வுட்டுட்டேன் சார். கட்சின்னா மேலேருந்து சொல்லிருப்பாங்க, உங்களுக்கும் என்ன நெருக்கடியோன்னு. ஆனா அந்தக் கார்ன்வாலு." கிழித்த நாரைக் கீழே போட்டார். "அது கதைன்னு எங்கிட்ட மட்டுமாவது சொல்லிருக்கலாம். எம்புட்டுத் தடவ வந்து கேட்டேன். அத்தன சனத்துக்கு முன்னால அந்தப் பையன் சிரிச்சான். நான் உங்களப் பாத்தேன். நீங்க கீழ பாத்தீங்க."

ஆற்றுப் பக்கம் மணல் மேடாகக் கிடந்தது. யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் அழவில்லை, அழுதிருந்தால் அது அவருக்கு இன்னொரு தொந்தரவாக இருந்திருக்கும். காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். கையெழுத்துக்கும் கடைசி வரிக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார், இடம் ஏதும் விட்டிருக்கிறேனா என்று. பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"சரியாத்தான் எழுதிருக்கீங்க. ஆனா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஊருக்குத் தெரியவேணாமா? உங்க பேரு..."

"எந்த ஊருக்கு சார்? அங்க லாரிதான் நிக்கிது. ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க. நீங்க போயி வாசிச்சா உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு என்ன வரும்? மறுபடி எல்லாத்தையும் நான்தான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்." பிறகு, எந்த ஏளனமும் இல்லாமல், "மாட்டேன்னு சொல்ல ஒரு விதி எழுதி வச்சீங்கல்ல. ஒருநாளும் நாங்க அதப் பயன்படுத்துனதில்ல. இப்ப சொல்றேன். மாட்டேன். நீங்க எழுதணும்னா உங்களப் பத்தி எழுதிக்கங்க. ஊரு பேரும் எம்பேரும் வேணாம்."

அதனால்தான் இதில் பெயர்கள் இல்லை. என் பெயரை மட்டும் போட்டால் அவர் பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பதால் அதையும் விட்டிருக்கிறேன். இதிலும் எனக்குக் கொஞ்சம் வசதி இருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

நோட்டையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். வாங்கிப் புரட்டினார். சுற்றுச்சுவர், பால் வண்டி, தெருவிளக்கு. சில கையெழுத்துகளின் மேல் விரலை வைத்து, இது செத்துப்போச்சு, இது திருப்பூரு போயிருச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசியில், சுரங்கத்துக்குப் பின் கூடாமலே போன கூட்டங்களுக்காக முன்கூட்டியே வாங்கி வைத்த கையெழுத்துகள் ஐந்து பக்கங்களில் இருந்தன. அடியில் பெயர்கள், மேலே வெற்றிடம். நான் அவற்றைக் கவனித்ததே இல்லை. பன்னிரண்டு வருடமாக அவை என் பெட்டியில் இருந்திருக்கின்றன.

என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டார். கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் வெற்றிடத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். அவசரமில்லாமல், பேனாவை அழுத்தி, இனி ஒரு எழுத்துக்கும் இடமில்லாதபடி. ஐந்தும் முடிந்ததும் பின்னோக்கிப் புரட்டி, நான் எழுதிய பக்கத்துக்கு வந்தார். பேனா அதன்மேல் சற்று நின்றது. அங்கே கோடு போட இடமில்லை. ஒருமனதாக என்ற சொல் வரைக்கும் நான் நிரப்பியிருந்தேன்.

மூடியைத் திருகிப் பேனாவையும் நோட்டையும் என் மடியில் வைத்தார். "மூணு மணிக்கு ஒரு பஸ் இருக்கு சார். அத வுட்டா ஆறுக்குத்தான்" என்றார்.